மஞ்சள் கரைசலில் நீல ஒளி

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் எனக்குத் தரப்பட்ட வேலை சொல்வதற்கு எளிமையானது. கனநீரில் கரைத்த, டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் வழிப்பொருள் ஒன்றின் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையை இருட்டில் ஒரு முறையும் நீல ஒளி பாயும்போது ஒரு முறையும் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட வேண்டும். அந்த ஒரு படத்தை நம்பிக்கையோடு மேசையில் வைக்க எனக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. மதுரையின் புறநகரில் இருந்த அந்த ஆய்வகத்தில், பகல் முழுவதும் கருவி மற்றவர்களின் மாதிரிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், எனக்குக் கிடைத்தது இரவு ஒன்பது மணிக்கு மேற்பட்ட நேரம் மட்டுமே. பெரியார் நிலையத்திலிருந்து எதிர்த்திசையில் எல்லாரும் வீடு திரும்பும் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டே நான் வேலைக்குப் போவேன். அந்த இரவுகளில் கற்றவற்றை, இதே வேலையைத் தொடங்கப்போகும் ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதலில் இந்தப் பாடு எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். என்எம்ஆர் கருவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது கேட்கும் குரல் மிக மெல்லியது. எங்கள் கருவியின் காந்தப்புலம் 9.4 டெஸ்லா, அதில் ஹைட்ரஜன் அணுக்கருவின் அதிர்வெண் 400 மெகாஹெர்ட்ஸ். இவ்வளவு வலுவான புலத்திலும், அறை வெப்பநிலையில் பத்து லட்சம் அணுக்கருக்களை எடுத்துக்கொண்டால், புலத்தின் திசையில் நிற்பவற்றுக்கும் எதிர்த்திசையில் நிற்பவற்றுக்கும் உள்ள வேறுபாடு 32 மட்டுமே. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையில் கூடும் கூட்டத்தில், பத்து லட்சம் பேரில் கிழக்கு பார்த்து நிற்பவர்கள் மேற்கு பார்த்து நிற்பவர்களைவிட 32 பேர் கூடுதல் என்றால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியுமா? என்எம்ஆர் அந்த 32 பேரைத்தான் பார்க்கிறது. மற்றவை ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. ஒளியைக் கொண்டு இந்த வேறுபாட்டைப் பெருக்க முடிந்தால், அதே அளவு பொருளிலிருந்து பல மடங்கு வலுவான சமிக்ஞை கிடைக்கும்.

இதற்கு அடிப்படையான, சிஐடிஎன்பி (CIDNP) எனப்படும் நிகழ்வு 1967இல், ஜெர்மனியில் பார்கன், ஃபிஷர் குழுவினராலும் அமெரிக்காவில் வார்டு, லாலர் இருவராலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. வேதிவினை நடந்துகொண்டிருக்கும் கரைசலில் சில முகடுகள் இயல்புக்கு மீறி உயர்ந்தும், சில தலைகீழாகவும் வந்தன. அதற்குச் சரியான விளக்கத்தை 1969இல் ஒரு பக்கம் குளோஸ், மறுபக்கம் கப்டைன், ஊஸ்டர்ஹாஃப் ஆகியோர் தந்தார்கள். ஒளி பட்ட மூலக்கூறு மும்மை நிலைக்கு (இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசையில் இருக்கும் நிலைக்கு)ப் போய், அருகிலுள்ள இன்னொரு மூலக்கூறிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கும்போது, இரண்டு தனி உறுப்புகள், அதாவது இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகள், ஒரு சோடியாகப் பிறக்கின்றன. மும்மை நிலையில் பிறந்த அந்தச் சோடி உடனே சேர்ந்துவிட முடியாது. தற்சுழற்சிகள் எதிரெதிராக இருக்கும் ஒருமை நிலைக்கு மாறினால்தான் எலக்ட்ரான் திரும்பிப் போய்ப் பழைய மூலக்கூறுகள் கிடைக்கும். மாறுவதற்கு ஆகும் நேரம் நானோவினாடி அளவிலானது என்றாலும், அந்த மாற்றத்தின் வேகத்தை உறுப்பில் இருக்கும் அணுக்கரு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. ஒரு பக்கம் நிற்கும் அணுக்கருவைக் கொண்ட சோடிகள் அதிகமாகச் சேர்கின்றன. மறுபக்கம் நிற்பவை அதிகமாகப் பிரிந்து தப்பிக்கின்றன.

எங்கள் ஊரில் சுளகில் போட்டுப் புடைப்பதோடு இதை ஒப்பிட்டபோதுதான் எனக்கு இது மனத்தில் பதிந்தது. சுளகு அரிசியையும் உண்டாக்குவதில்லை, உமியையும் உண்டாக்குவதில்லை. கலந்து கிடப்பதை இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. ஒளியும் அணுக்கருக்களைப் புரட்டிப் போடுவதில்லை. சோடியின் வேதியியல் அவற்றைத் தரம் பிரிக்கிறது. இந்த ஒப்புமையின் இன்னொரு பாதி மிகப் பின்னால்தான் எனக்குப் பயன்பட்டது. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

நாங்கள் ஒளியுணர்த்தியாக, அதாவது ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்கிவைக்கும் பொருளாக, பயன்படுத்தியது ஃபிளேவின் மோனோநியூக்ளியோடைடு. பெயர் பெரியதாக இருந்தாலும் இது பி2 வைட்டமினின் பாஸ்பேட் வடிவம்தான். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்ட சில மணி நேரத்தில் சிறுநீரில் தெரியும் அந்த அடர் மஞ்சள் இதன் குடும்பத்து நிறம். 445 நானோமீட்டர் அருகில் நீல ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது, நீரில் நன்றாகக் கரைகிறது, டைரோசின், டிரிப்டோபேன், ஹிஸ்டிடின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களிடமிருந்தும் எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ வாங்கிக்கொள்கிறது.

450 நானோமீட்டர் எல்இடி ஒன்றை வரவழைத்தோம். அதற்கான வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டையும் சிறு விசிறியையும் டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன். விசிறியின் மோட்டாரிலும் மின்வழங்கியிலும் இரும்பு இருப்பதால் அவை காந்தத்தின் அருகில் போகவே கூடாது. ஆகவே நீளமான ஒளியிழை தேவைப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள இழையைக் காந்தத்தின் மேல்வாயிலிருந்து மாதிரிக் குழாய்க்குள் இறக்கி, அதன் நுனி அளவீட்டுச் சுருளுக்கு ஐந்து மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி அமைத்தோம். சுருளுக்குள் நுனி போனால் புலத்தின் சீர்மை கெட்டு முகடுகள் அகன்றுவிடும். எல்இடி எரியும்போது இழையின் நுனியை நேராகப் பார்ப்பது விழித்திரைக்கு ஆபத்து. ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் அந்த அறையில் நிற்கக் கூடாது என்பதில் இன்றும் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

முதல் ஏழு வாரங்கள் எதுவும் தெரியவில்லை. ஒளி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே நிறமாலை. சமிக்ஞை வரவில்லை என்றால் ஒளியுணர்த்தி போதவில்லை என்று எண்ணி, 0.2 மில்லிமோலார் செறிவில் தொடங்கிய நான் 0.4 வரை கூட்டினேன். கரைசல் பார்ப்பதற்கு அழகாக இருந்தது. நிலைமை மேலும் மோசமாயிற்று.

ஒரு நாள் விடியும் முன் கருவி அறையின் விளக்கை அணைத்துவிட்டு, மாதிரிக் குழாயை வெளியே எடுத்து, கண்ணாடியை அணிந்துகொண்டு, இழையை அதன் வாயில் வைத்து எல்இடியைப் போட்டுப் பார்த்தேன். நுனிக்குக் கீழே விரற்கடை அளவுகூட இல்லாத ஒரு பச்சை மஞ்சள் சுடர் ஒளிர்ந்தது. அதற்குக் கீழே குழாய் முழுவதும் இருட்டு. ஏழு வாரமாக நான் தேடிய விடை அந்தக் காட்சியில் இருந்தது. பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். இந்த ஒளியுணர்த்தியின் மோலார் உறிஞ்சுதிறன் 445 நானோமீட்டரில் ஏறத்தாழ 12,500. 0.2 மில்லிமோலார் கரைசலில் ஒரு சென்டிமீட்டருக்கு உறிஞ்சல் 2.5 ஆகிறது; உறிஞ்சல் ஒன்று கூடும்போதெல்லாம் ஒளி பத்தில் ஒரு பங்காகிறது. அதாவது முதல் நான்கு மில்லிமீட்டரிலேயே ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். ஐந்து மில்லிமீட்டர் கீழே தொடங்கும் சுருளை எட்டுவது நூற்றில் ஆறுக்கும் குறைவு. 0.02 மில்லிமோலாராகக் குறைத்தால், சுருளின் மேல்விளிம்புக்கு நூற்றில் 75 பங்கு வந்து சேரும், சுருளின் நடுப்பகுதியிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான ஒளி இருக்கும். பத்தில் ஒரு பங்காகக் குறைத்த அன்றிரவே நிறமாலை மாறியது. ஒளியுணர்த்தி அதிகம் வேண்டும் என்றால், இழையின் கடைசிப் பகுதியை உறை நீக்கிச் சொரசொரப்பாக்கி ஒளியைப் பக்கவாட்டில் கசிய விடலாம். அல்லது உறிஞ்சல் உச்சியிலிருந்து விலகிய அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 488 நானோமீட்டர் ஆர்கான் லேசரைப் பலர் பயன்படுத்தியதற்கு, அந்த ஒளி கரைசலில் இன்னும் ஆழமாக இறங்கும் என்பதும் ஒரு நன்மை.

மாறிய அந்த நிறமாலையை நான் சரியாகப் படிக்கவில்லை என்பதுதான் அடுத்த இழப்பு. சோதனை முறைப்படி, ஒளி போடுவதற்குச் சற்று முன் ரேடியோ துடிப்புகளால் எல்லா அணுக்கருக்களையும் சமப்படுத்திவிட வேண்டும். அப்போது இயல்பான சமிக்ஞை மறைந்து, ஒளியால் புதிதாகப் பிறந்த முனைவாக்கம் (இரு திசை அணுக்கருக்களின் எண்ணிக்கை வேறுபாடு) மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தது, நிறமாலையின் பிபிஎம் அளவுகோலில் 6.85 அருகில் ஓர் உயர்ந்த முகடும், 3 அருகில் இரண்டு தலைகீழ் முகடுகளும். எங்கள் வழிப்பொருளான அசிடைல் டைரோசினில் 6.85 அருகில் வருவது வளையத்தின் 3, 5 இடங்களிலுள்ள ஹைட்ரஜன்கள். 3 அருகில் வருவது வளையத்தை ஒட்டிய சிஎச்2. அவற்றின் குறி முழுவதும் நேர்மாறாக இருந்தது. இரண்டு வாரங்கள் வேதியியலில் குற்றம் தேடினேன். கரைசலின் காரத்தன்மையை மாற்றினேன், வேறு புட்டியிலிருந்து டைரோசின் எடுத்தேன்.

நெறியாளர் சார் அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, இருட்டுல எடுத்தது எங்க?"

இருட்டு நிறமாலை என்னிடம் இருந்தது. ஆனால் அதையும் ஒளி நிறமாலையையும் தனித்தனியே திறந்து, இரண்டிலும் மென்பொருளின் தானியங்கிக் கட்டத் (phase) திருத்தத்தை அழுத்தியிருந்தேன். அந்தத் திருத்தம் மிகப் பெரிய முகட்டை மேல்நோக்கி நிறுத்த முயலும். தலைகீழாக இருக்க வேண்டிய முகடு என்று ஒன்று இருக்கலாம் என்பது அதற்குத் தெரியாது. டைரோசினின் 3, 5 முகடு உண்மையில் தலைகீழாகத்தான் வர வேண்டும். மென்பொருள் அதை நிமிர்த்தி வைத்தது. அதனால் நிமிர்ந்து நிற்க வேண்டியவை கவிழ்ந்தன. இருட்டு நிறமாலையில் கையால் கட்டத்தைச் சரிசெய்து, அதே எண்களை மாற்றாமல் ஒளி நிறமாலைக்கும் கொடுத்தவுடன் எல்லாம் தத்தம் இடத்தில் நின்றன. சார் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்ந்து நின்ற அந்த முகட்டை விரலால் திரையில் தொட்டுப் பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

குறியை நம்ப வேண்டும் என்றால் அது ஏன் அப்படி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கப்டைன் 1971இல் எழுதிய விதி நான்கு குறிகளின் பெருக்கல்தான்: சோடி மும்மையில் பிறந்ததா ஒருமையில் பிறந்ததா, நாம் பார்ப்பது சேர்ந்த பொருளா தப்பித்த பொருளா, இரண்டு உறுப்புகளின் ஜி மதிப்புகளில் (காந்தப்புலத்துக்கு எலக்ட்ரான் எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டுகிறது என்ற அளவு) எது பெரிது, அந்த அணுக்கருவுக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள காந்தப் பிணைப்பின் குறி என்ன. டைரோசினுக்கு முதல் மூன்றும் நேர்க்குறி. 3, 5 ஹைட்ரஜன்களின் பிணைப்பு எதிர்க்குறி என்பதால் முகடு கவிழ்கிறது. சிஎச்2 ஹைட்ரஜன்களின் பிணைப்பு நேர்க்குறி என்பதால் நிமிர்கிறது. ஒரே மூலக்கூறில் ஒன்று கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் நிற்பது ஒரு சோதனைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று. ஒளியினால் கரைசல் சூடாகி வரும் மாற்றமோ மின்சுற்றின் இரைச்சலோ இப்படித் தேர்ந்தெடுத்துக் கவிழ்க்காது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் டிரிப்டோபேனை விட்டு டைரோசினில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிரிப்டோபேனின் வளைய முகடுகள் நிமிர்ந்தே வருவதால், வந்தது முனைவாக்கமா வேறு ஏதேனுமா என்ற ஐயம் நீங்க நாளாகும்.

5 மில்லிமோலார் டைரோசினில் எட்டு மடங்கு வலுவான சமிக்ஞை கிடைத்தது. எட்டு மடங்கு என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இரைச்சலை அதே அளவு வெல்ல இருட்டில் 64 முறை அளந்து கூட்ட வேண்டும். அந்த மகிழ்ச்சியில் டைரோசினை 0.1 மில்லிமோலாருக்குக் குறைத்தேன். சமிக்ஞை அடியோடு மறைந்தது. வளியோடு தொடர்புள்ள நீரில் எங்கள் ஊர் வெப்பத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 0.25 மில்லிமோலார். மும்மை நிலையில் இருக்கும் ஃபிளேவினை டைரோசினும் ஆக்சிஜனும் ஏறத்தாழ ஒரே அளவான வேகத்தில் சந்தித்து அந்த நிலையிலிருந்து இறக்கிவிடுகின்றன. 5 மில்லிமோலாரில் டைரோசின் இருபது மடங்கு அதிகமாக இருந்ததால் ஆக்சிஜனின் தலையீடு கண்ணுக்குத் தெரியவில்லை. 0.1 மில்லிமோலாரில் ஆக்சிஜன் இரண்டரை மடங்கு அதிகம்; டைரோசின் வந்து சேர்வதற்குள் மும்மை நிலை போய்விடுகிறது. செறிவான கரைசலில் வேலை செய்த முறை, நீர்த்த கரைசலிலும் வேலை செய்யும் என்று எண்ணியது என் தவறு.

இருபது நிமிடம் ஆர்கான் குமிழி விட்டபோது சமிக்ஞை திரும்பியது. ஒரு மணி நேரத்தில் மீண்டும் போனது. மூடியில் ஒளியிழை நுழையும் துளைக்கும் இழைக்கும் நடுவில் முடி நுழையும் இடைவெளி இருந்தது. கண்ணாடி வேலை பார்க்கும் அண்ணனிடம் காட்டியதும், "இதுல காத்துப் போகாதுன்னு யாரும்மா சொன்னா?" என்று கேட்டுவிட்டு, இழையை இறுகப் பிடிக்கும் ரப்பர் அடைப்பு ஒன்றைச் செய்து தந்தார். ஆர்கானை உலோக ஊசி வழியாக விடாமல் மெல்லிய டெஃப்லான் குழாய் வழியாக விடுவது நல்லது. மிகத் துல்லியமான அளவீடு என்றால், திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வெற்றிடம் போட்டு, உருக விடுவதை மூன்று முறையாவது செய்ய வேண்டும்.

ஆக்சிஜன் போனதும் புதிய சிக்கல் ஒன்று வந்தது. சில நிமிடங்களில் கரைசலின் மஞ்சள் வெளுத்தது. மூடியைத் திறந்து குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தினால், மேலிருந்து கீழாக மஞ்சள் மெல்லப் படர்ந்து திரும்பும். அந்த நிறம் ஏறுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. எலக்ட்ரானைப் பெற்று ஒடுக்கமடைந்த ஃபிளேவின் நிறமற்றது. அதை மீண்டும் மஞ்சளாக்குவது அதே ஆக்சிஜன்தான். நாம் வெளியேற்றும் எதிரி, ஒளியுணர்த்தியைப் புதுப்பிக்கும் துணையாகவும் இருந்திருக்கிறது. சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தும் ஒடுங்கிய ஃபிளேவினைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பும் மஞ்சள் முந்தியதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பகுதி லூமிகுரோமாகச் சிதைந்துவிடுகிறது, அது திரும்பாது. எங்கள் தெருவில் சுங்குடிக்குச் சாயம் போடுபவர்கள் புடவையை நிழலில்தான் உலர்த்துவார்கள். சாயத்துக்கு வெயில் ஆகாது என்று சிறு வயதிலிருந்து கேட்டிருந்தும், கரைசலை ஜன்னலோர மேசையில் வைத்த நாள்கள் எனக்கு உண்டு. இப்போது கரைசல் தயாரான நொடியிலிருந்து குழாய் கருப்புக் காகிதத்துக்குள் இருக்கும். ஒரு மாதிரி எத்தனை ஒளிப் பாய்ச்சலைத் தாங்கும் என்று முதலில் ஒரு குழாயைப் பலி கொடுத்து அளந்து, அதில் பாதியளவுக்கே உண்மையான சோதனையைத் திட்டமிடுவேன்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஒளி பட்டுக் கரைசல் ஒரு டிகிரி சூடானாலும் நீரின் முகடு ஏறத்தாழ 0.01 பிபிஎம் நகரும். இருட்டு அளவீடுகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு ஒளி அளவீடுகளைப் பிறகு எடுத்தால், கழிக்கும்போது பொய் முகடுகள் வரும். ஒன்று இருட்டு, ஒன்று ஒளி என்று மாறி மாறி எடுக்க வேண்டும்.

சுளகின் மறுபாதிக்கு வருகிறேன். புடைத்துப் பிரித்த அரிசியையும் உமியையும் மறுபடி ஒரே பானையில் கொட்டினால் பழையபடி கலந்துவிடும். எங்கள் வினையும் அப்படிப்பட்டது: சேர்ந்த சோடியும் டைரோசினைத் தருகிறது, தப்பித்த உறுப்பும் பிறகு எலக்ட்ரானைப் பெற்று டைரோசினாகவே திரும்புகிறது. இரண்டும் எதிர்க்குறியுள்ள முனைவாக்கத்தைச் சுமந்து வருவதால் ஒன்றையொன்று அழிக்கின்றன. அப்படியானால் எட்டு மடங்கு எப்படி மிஞ்சியது? தப்பித்த உறுப்பில் இணையில்லாத எலக்ட்ரான் இருப்பதால், அங்கே அணுக்கரு தன் முனைவாக்கத்தை விரைவாக இழக்கிறது. திரும்பி வருவதற்குள் அதன் சுமையில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அந்தக் குறைவுதான் நமக்கு மிஞ்சுவது. டைரோசினைக் கூட்டிக்கொண்டே போனால், தப்பித்த உறுப்பு பக்கத்து டைரோசினிடமிருந்து ஹைட்ரஜனை உடனே வாங்கிக்கொண்டு சுமை குறையாமல் திரும்பிவிடுகிறது. அதனால் செறிவு கூடக் கூடப் பெருக்கம் குறைகிறது. இதை அறிந்த பிறகு பெருக்க எண்ணை மட்டும் வைத்து இரண்டு மூலக்கூறுகளை ஒப்பிடுவதை நிறுத்தினேன். செறிவையும் ஒளி பாய்ந்த நேரத்தையும் சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. குறுகிய லேசர் துடிப்பு இருந்தால் திரும்பும் கூட்டம் வருவதற்குள் அளந்துவிடலாம். எல்இடியால் அது இயலாது.

மாசி மாதத்தில் சாமநத்தம் கண்மாய்க் கரையில் நிற்கும்போது இந்தச் சோடிகளை நினைத்துக்கொள்வேன். வலசை வரும் பறவைகள் புவியின் காந்தப்புலத்தை உணர்வது இத்தகைய உறுப்புச் சோடியால் இருக்கலாம் என்று ஷுல்டன் 1978இலேயே முன்வைத்தார். பின்னர் 2000இல், ஃபிளேவினைக் கொண்ட கிரிப்டோகுரோம் என்னும் புரதம் அதற்கு இடமாக இருக்கலாம் என்று அவரது குழு எழுதியது. இன்னும் கருதுகோள்தான்.

அதே 1978இல் கப்டைனும் உடன் பணியாற்றியவர்களும் புரதங்களில் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். ஃபிளேவின் தொட முடிகிற, புரதத்தின் மேற்பரப்பில் வெளிப்பட்டிருக்கும் டைரோசின், டிரிப்டோபேன், ஹிஸ்டிடின் மட்டுமே முனைவாக்கம் பெறும். உள்ளே மடிந்திருப்பவை அமைதியாக இருக்கும். கோழி முட்டை வெள்ளைக் கருவின் லைசோசைமில் ஆறு டிரிப்டோபேன்கள் உண்டு. வெளிப்பட்டிருக்கும் 62ஆம் இடத்துடையது இம்முறையில் நன்றாகத் தெரியும். இப்போது நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். புரதக் கரைசலில் ஆர்கான் குமிழி விட்டால் நுரைத்துப் புரதம் குலைந்துவிடுகிறது; அதனால் பரப்பின் மேல் மட்டும் மெல்ல வாயுவை ஓட விட்டு, மீதமுள்ள ஆக்சிஜனைக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியும் கேட்டலேஸும் குளுக்கோசும் சேர்த்து அகற்றுகிறேன். இன்றிரவுக்கான இரண்டு குழாய்கள் கருப்புக் காகிதத்தில் சுற்றிப் பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்பது மணிக்குக் கருவி கிடைக்கும். முதல் குழாயில் எல்இடியை இணைக்காமல் இருட்டு நிறமாலையை எடுத்து, அதன் கட்ட எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகே இழையை உள்ளே இறக்குவேன்.